செருப்புப் படம்

தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் மூக்கின் நிழல் உதட்டில் விழாது. கேமராக்காரர் உயர்த்தினார். கட்டிலில் கிடந்த மனைவி, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் காட்டாத பொறுமையோடு உயர்த்தக் கொடுத்தாள்.

"லைட்டு கண்ணக் கூசுதுங்க."

"கொஞ்சம் பொறுத்துக்கோ. முகம் நல்லா வரும்."

"இந்த மூஞ்சிக்கு இனிமே என்னத்த வரப் போகுது."

ஆனாலும் தலையைக் கோதிவிடச் சொன்னாள். கோதினார். முடி கையோடு வந்தது. அதை அவளுக்குத் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சின்ன மைக்கை அவள் நைட்டியின் கழுத்தில் செருகினார்.

மகள் கடல் தாண்டி வேலை பார்க்கிறாள். அவள் விமானம் பிடித்து வந்து சேரும்வரை தாங்காது என்று டாக்டர் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மகளுக்குச் சொல்ல வேண்டியதைக் கேமராவில் சொல்லி வைத்துவிடுவது என்பது மனைவியின் ஏற்பாடு. வீட்டுக்குள்ளேயே வீடியோ கம்பெனி இருக்கும்போது போனில் எதற்கு.

கம்பெனி என்றால் முன்னறைதான். கேமராக்காரர் எடுப்பார், மனைவியின் தம்பி எடிட் செய்வான். கல்யாணம், கடை திறப்பு, பல் ஆஸ்பத்திரி விளம்பரம், எதற்கும் முகம் சுளிப்பதில்லை. விளம்பரங்களில் பேசுகிற குரல் மனைவியுடையது. ஒருமுறை மெத்தைக் கடைக்குப் பேசினாள். அது கேபிளில் ஓடிய மாதம் தெருவில் பாதிப் பேர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே தூங்கிப் போனார்கள். விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிக் கடைக்காரரே ஓடி வந்தார். மெத்தை வாங்க வந்தவர்களை எழுப்பி அனுப்ப ஆளில்லையாம், கடை ஆட்களும் தூங்குகிறார்களாம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

அவர் கேமராவைப் பையிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் வைத்து, பட்டனை அழுத்தி, லென்ஸை அவள் பக்கம் திருப்பி, மைக்கைப் போட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கேமராவில் சிவப்பு விளக்கு எரியவில்லை. அதன் மேல் எப்போதோ கறுப்பு டேப் ஒட்டியாயிற்று. விளக்கைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்காரர்கள் விறைத்துப் போய்விடுகிறார்கள். மணப்பெண் முகத்தின் மேல் எழுத்து ஊரக்கூடாது என்று திரையில் வருகிற எழுத்துகளையும் அணைத்துவிட்டார். ஓடுகிறதா, நிற்கிறதா என்பது விரலுக்குத் தெரியும். ஒரு அழுத்து, ஓடும். இன்னொரு அழுத்து, நிற்கும். இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது.

"ம், சொல்லு."

அவள் சொன்னாள். மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருக்கையில் வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"கட். ஹாரன் விழுந்துடுச்சு. இன்னொரு தடவ சொல்றியா?"

"சாகுறதுக்கும் ரீடேக்கா?"

"அந்த நடுவுல சொன்னத மட்டும்."

"நடுவுல என்ன சொன்னேன்னு எனக்கே மறந்து போச்சு."

சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. அவர் கேமராவை நிறுத்தப் போனார். லென்ஸைத் தரையைப் பார்க்கத் தாழ்த்தினார். ஓடாத கேமரா ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதையில்லை என்பது அவர் பழக்கம். பாட்டரி வீணாகாமல் மைக்கையும் அணைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினார். தண்ணீர் கொடுத்து, கட்டில் ஓரம் நின்று முதுகைத் தடவினார். ஏதோ திட்டினாள். ஏதோ பதில் சொன்னார். பட்டனை அழுத்தி, லென்ஸை நிமிர்த்தி, மைக்கைப் போட்டார். மறுபடி சொன்னாள். இந்தத் தடவை சுருக்கமாக.

"கடைசியில கேமராவப் பாத்து லேசா சிரி. கட் பண்ண வசதியா இருக்கும்."

சிரித்தாள். அவர் மைக்கை அணைத்து, லென்ஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பட்டனை அழுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் மகளே கூப்பிட்டாள். அழுகைதான் முதலில் கேட்டது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி குட்டி. இப்ப ஒண்ணும் கேக்காத. போன்ல சொன்னா நீ பாதியிலயே அழுவ, நான் மீதிய முழுங்கிருவேன். வந்து பாரு. அப்பா நல்லா எடுத்திருக்காரு."

போனை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"நெசமாவே நல்லா வந்துச்சா?"

"நல்லா வந்துச்சு."

அவர் முன்னறைக்குப் போய் பாட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு வந்தார். அதற்குள் அவள் போய்விட்டிருந்தாள். விளக்கை அணைக்காமல் போயிருந்தார். வெளிச்சம் அருமையாக விழுந்திருந்தது. நிழலே இல்லை.

குளிர்பெட்டி வந்தது. நாற்காலிகள் வந்தன. ஆட்கள் வந்தார்கள். மெத்தைக் கடைக்காரர் மாலையோடு வந்து, "அந்தக் குரலா, அந்தக் குரலா" என்று விசாரித்துவிட்டு, வந்த வேலை மறந்து ஓரமாக உட்கார்ந்தார். கேமராக்காரர் எல்லோருக்கும் தலையாட்டினார். எடிட்டர் முன்னறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"அத்தான், கொஞ்சம் உள்ள வாங்க."

"என்ன மாப்ள, காப்பி பண்ணிட்டியா?"

"வாங்களேன்."

திரையில் தரை தெரிந்தது. கட்டில் கால். அதனருகே ஒரு ஜோடி செருப்பு, அதற்குள் அவருடைய கால்கள்.

அவர் உடனே புரிந்துகொண்டார். இந்தத் தொழிலில் அதற்குப் பெயரே உண்டு: செருப்புப் படம். பையிலிருந்து எடுக்கும்போதே பட்டனில் கை பட்டு கேமரா ஓட ஆரம்பித்திருக்கும். அப்புறம் ஆள் ஓடுவதாக நினைக்கும்போது அது நிற்கும், நிற்பதாக நினைக்கும்போது ஓடும். தாலி கட்டுவது இருக்காது. கட்டி முடித்தபின் தரையும் செருப்பும் விலாவாரியாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஒருமுறை எடுப்பார்கள். எடுத்தவர்களை அவர் இதே அறையில் நிற்க வைத்து, எல்லோருக்கும் அதைப் போட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறார்.

"சத்தம்?"

"நீங்கதான் மைக்க அணைச்சிருக்கீங்களே. கேமராவோட சொந்த மைக்கு இரைச்சல்னு நீங்கதான அடைச்சு வெச்சீங்க."

"வேற கிளிப்பு?"

"பையோட உள்பக்கம் ஒண்ணு, அப்புறம் ரூம் சுவரு. அக்கா எங்கயும் இல்ல, அத்தான்."

எடிட்டர் மூக்கை உறிஞ்சினான். பிறகு நல்ல யோசனை வந்தவன்போலத் திரும்பினான்.

"நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. என்ன சொல்லுச்சோ அத நீங்களே குட்டிகிட்ட சொல்லிடுங்க. படம் இல்லாட்டி என்ன?"

கேமராக்காரர் வாயைத் திறந்தார். ஹாரன் நினைவிருந்தது, அதன் சுருதிகூட நினைவிருந்தது. இடது கன்னத்தில் வெளிச்சம் ஒரு மயிரிழை தூக்கலாக இருந்தது. இரண்டாவது தடவை மூச்சு மைக்கில் அடிக்காமல் தப்பியது. முதலில் 'குட்டி' என்றாள். அதற்கப்புறம் நீளமாக, தெளிவாக, எந்த இரைச்சலும் இல்லாமல் ஏதோ சொன்னாள். அவர் இரைச்சல் இல்லை என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான்?"

"ரெண்டு தடவ சொன்னா, மாப்ள."

அதற்கு மேல் வரவில்லை.

எடிட்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். "அக்கா குரல் நம்மகிட்ட மலையாக் கெடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பழைய விளம்பரங்களைத் திறந்தான். வெளியே மாலைகள் சேர்ந்துகொண்டிருந்தன. உள்ளே அவன் வெட்டினான், ஒட்டினான், முகத்தைத் துடைத்தான், மறுபடி வெட்டினான். முடித்துவிட்டு அத்தானின் தலையில் ஹெட்போனை வைத்தான்.

*கவலை வேண்டாம். அம்மா. என்றும் உங்களுடன்.*

கவலை வேண்டாம் பல் ஆஸ்பத்திரியிலிருந்து. அம்மா குக்கரிலிருந்து, அடியில் லேசாக விசில் இருந்தது. என்றும் உங்களுடன் இரும்பு பீரோ.

"பெத்த பொண்ணுகிட்ட 'உங்களுடன்'னு பேசுவாளா?"

"'உன்கூட'ன்னு எங்கயுமே பேசலியே. கஸ்டமர யாரு அத்தான் நீ, வான்னு கூப்பிடுறா?"

"அந்த விசில எடுக்க முடியாதா?"

"எடுத்தா அக்கா குரலும் கொஞ்சம் போகும்."

கேமராக்காரர் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டான். இன்னொரு தடவை கேட்டார். இந்த வாக்கியங்களை எத்தனையோ முறை ஒலிப்பதிவு செய்தவர். பீரோ விளம்பரத்தில் அவள் 'என்றும்' என்பதை இவ்வளவு மெதுவாகச் சொல்லியிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

"குட்டி அசந்து வரும், கவனிக்காது" என்றான் எடிட்டர். "போட்டோவ வெச்சு இத மட்டும் போட்டுடலாம். வீடியோ கெட்டுப் போச்சு, சத்தம் மட்டும் தப்பிச்சுதுன்னு சொல்லிக்கலாம். ஒண்ணுமே இல்லன்னு எப்படி அத்தான் சொல்றது?"

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

மகள் வந்தாள். பெட்டியின் கண்ணாடி மேல் கன்னத்தை வைத்து, யார் தூக்கியும் எழாமல் கிடந்தாள். அப்புறம் தானாகவே எழுந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது, அம்மாவின் மூக்கு. முன்னறைக்கு வந்து எடிட்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போடுங்க மாமா."

"ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு..."

"அம்மா எல்லாம் சொல்லியிருக்கேன்னு சொன்னாங்க. அத நினைச்சுக்கிட்டேதான் வழியெல்லாம் வந்தேன். போடுங்க."

எடிட்டர் அத்தானைப் பார்த்தான். மவுஸ் அவன் தயாரித்த பைல் மேல் நின்றது. கேமராக்காரர் குனிந்து, அவன் கைக்குக் கீழிருந்து மவுஸை மெல்ல உருவி, பக்கத்திலிருந்ததை அழுத்தினார்.

தரை. கட்டில் கால். செருப்புகள் ஓரமாகப் போயின, திரும்பி வந்தன, கட்டிலை ஒட்டி நின்றன.

மகள் காத்திருந்தாள். முகம் இப்போது வரும், இப்போது வரும் என்பதுபோலத் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள்.

"சத்தம் வைங்கப்பா."

"சத்தம் இல்லம்மா. தப்பாயிடுச்சு. இதுதான் இருக்கு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை நீட்டி ஸ்பீக்கர் குமிழைத் திருப்பினாள். கூடத்தில் குளிர்பெட்டியின் மோட்டார் ஓடுவது கேட்டது. திரையில் செருப்புகள் குதிகால் தூக்கின. அவர் அப்போது குனிந்து மனைவி சொன்னது எதையோ கேட்டிருக்க வேண்டும். மகள் இன்னும் திருப்பினாள். காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக்கொண்டு இன்னும் திருப்பினாள். குமிழ் அதற்கு மேல் போகவில்லை. விரல்கள் மட்டும் திருப்பிக்கொண்டிருந்தன.