சுத்தியலைத் தள்ளி வைத்தேன்

மலைச்சாலையை அகலப்படுத்தும்போது சரிவு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. மண் வெட்டும் இயந்திரம்தான் புதைந்துபோனது. தலைமைப் பொறியாளர் பழியைத் தூக்கி, நிலவியலாளரான என் தலையில் போட்டார். அடிவாரத்தை வெட்டினால் சரிவு நழுவும் என்று நான் சொல்லவே இல்லையாம்! பாறையருகே நின்று படித்துப் படித்துச் சொன்னவள் நான். விசாரணையில் அவர் பேச்சு எடுபட்டால் என் வேலை போய்விடும்.

என்னிடம் இருந்தது என் களக் குறிப்பேடு ஒன்றுதான். என் வீட்டுக்காரர் அதைத் தன் சக்களத்தி என்பார். அன்று காலை அவரே அதைத் துடைத்துக் கையில் கொடுத்தார். "என் சக்களத்தி உன்னைக் கைவிட மாட்டா, போய்ட்டு வா."

விசாரணையில் பொறியாளர் குறிப்பேட்டுப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். "பென்சில் எழுத்து! சரிவு விழுந்த பிறகு உட்கார்ந்து எழுதியிருப்பாங்க. வேணும்னா அழிச்சு எழுதலாமே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பேனா மை மழையில கரைஞ்சிடும் சார். அழிக்கிற பழக்கம் எனக்கில்ல. பாருங்க."

விசாரணை அதிகாரி வாங்கிப் படித்தார். தேதி, நேரம், தூறல். மைல்கல்லிலிருந்து மலைப்பக்கமாகப் பதினேழு தப்படி, இடுப்பளவுப் பாறை. பாறை அடுக்கின் திசை 120 என்று எழுதி ஒரே கோட்டால் அடித்திருந்தேன். பக்கத்தில்: 'இடுப்பில் சுத்தியல், காம்பஸ் முள் இழுபட்டது. என் தப்பு. சுத்தியலைத் தள்ளி வைத்து மறுபடி அளந்தேன்: 95. அடுக்குகள் சாலைப் பக்கம் 40 டிகிரி சாய்வு, நடுவே ஈரக் களிமண். வெட்டினால் நழுவும். பொறியாளரிடம் சொன்னேன்; கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.'

"அந்தப் பாறை இப்ப எங்க?"

"மண்ணுக்கடியில சார்."

அதிகாரி பொறியாளர் பக்கம் திரும்பினார். "அப்போ விழுந்த பிறகு இவங்க எதை அளந்திருப்பாங்க? இந்த அளவு சரியான்னு தோண்டிப் பார்த்துடலாம்."

மறுநாள் மைல்கல்லிலிருந்து தப்படி எண்ணி அதிகாரியே நடந்தார். பதினேழில் நின்று தோண்டச் சொன்னார். மதியத்துக்குள் பாறை தலைகாட்டியது. என் சுத்தியலை வாங்கி, பாறையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அதை இடுப்பில் செருகிக்கொண்டார். காம்பஸைக் கையில் எடுத்தவர் சட்டென்று நின்றார். யாரும் சொல்லாமலே சுத்தியலை உருவி, பத்தடி நடந்துபோய்த் தரையில் வைத்துவிட்டு வந்தார். எனக்கு அப்போதே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"தொண்ணூத்தஞ்சு" என்றார். பிறகு சாய்வைப் பார்த்தார். "நாற்பது."

பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.