பச்சைத் தொப்பி

உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் தூங்கும். மாரிச்செல்வியின் பிள்ளை மட்டும் ஜெபாவின் அறைக்குள் வந்தால் தூங்க மாட்டான். வாசல்படி வரைக்கும் தாயின் தோளில் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பான். ஜெபா தொப்பியைக் கையில் எடுத்தாளோ இல்லையோ, 'வந்துட்டியா, வா' என்கிற மாதிரி இரண்டு கண்ணையும் திறந்து அவளையே பார்ப்பான். நாலாவது தடவையும் அப்படியே நடந்தபோது, ஜெபா தொப்பியை மேசையில் போட்டுவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டாள். வாயில் வந்ததைச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான்.

அவள் பிழைப்பு அப்படி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறையில், சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்த மெஷினோடு மல்லுக்கட்டுகிற வேலை. பிறந்த பிள்ளைகளின் தலையில் சின்னச் சின்ன வெள்ளிப் பொட்டுகள் பதித்த வலைத்தொப்பியை மாட்டுவாள். உள்ளங்காலைப் பிரஷ்ஷால் வருடினால், காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் விட்டால், மூளை அதை வாங்கிக்கொள்கிறதா என்று திரையில் ஓர் அலை வந்து காட்டும். அந்த அலையோ கடுகளவு. பிள்ளை அழுதால் போச்சு, வாயைச் சப்பினால் போச்சு, காலை உதறினால் போச்சு. ஃபேன் ஓடினால்கூட அலையெல்லாம் கந்தரகோளமாகிவிடும். அதனால் ஃபேனை நிறுத்தி, லைட்டை அணைத்து, செல்போனை வெளியே வைத்துவிட்டு வேர்வை ஒழுக உட்கார்ந்திருப்பாள்.

இதில் வருகிறவர்கள் எல்லாம் பிள்ளையின் உச்சிக்குழியில் விளக்கெண்ணெயைக் குளிரக் குளிர வைத்துக்கொண்டு வருவார்கள். பொட்டு ஒட்டாது, வழுக்கிக்கொண்டு போகும். விளக்கெண்ணெய் வைக்காதீங்க என்று சொன்னால் பதவிசாகத் தலையை ஆட்டுவார்கள். அடுத்த தடவை தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வருவார்கள். டெஸ்ட் நடக்காமல் திரும்பும்போதும் மறக்காமல் பால்கோவா வாங்கிக்கொண்டு போவார்கள். அதைப் பார்த்தால் ஜெபாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

வேறு பிள்ளை என்றால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். இவனை விட முடியாது. பிறந்த கையோடு மஞ்சள் காமாலை ஏறி, நீல விளக்கின் அடியில் கிடந்து பிழைத்து வந்தவன். அந்த மாதிரிப் பிள்ளைகளில் சிலருக்குக் காது நன்றாக இருக்கும். சத்தம் மட்டும் மூளைக்குப் போய்ச் சேராது. இப்போதே தெரிந்தால் மதுரைக்கு அனுப்பி வைத்தியத்தை ஆரம்பித்துவிடலாம். பேசுகிற வயசு வந்த பிறகு தெரிந்தால் பாதிக் காரியம் கைநழுவிப் போயிருக்கும்.

'நேரே மதுரைக்கே போயிருங்களேன்' என்றும் ஜெபா சொல்லிப் பார்த்தாள். "நல்லா இருக்கிற பிள்ளைய எதுக்கு அங்கிட்டு இழுக்கணும்?" என்று மாரிச்செல்வியின் மாமனார் வேல்சாமி போனிலேயே ஒரே பேச்சாக அடைத்துவிட்டார். கையில் டெஸ்ட் இல்லாமல் அவரிடம் எதைக் காட்டிப் பேசுவது? அந்த டெஸ்ட்டுக்கும் நாள் இல்லை. வருகிற சனிக்கிழமை மெஷினை லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் பெரிய டாக்டர் ஆவுடையப்பன்.

"பஸ்ஸுல அவனைத் தூங்க விடாத. அங்க முழிச்சிருந்தாத்தான் இங்க தூங்குவான்" என்று ஜெபா படித்துப் படித்துச் சொல்லியும் நடக்கவில்லை. புதன்கிழமை ராஜபாளையத்தில் ஜெபா ஏறிய பஸ்ஸிலேயே மாரிச்செல்வி தளவாய்புரத்து அம்மா வீட்டிலிருந்து வந்து மாறி ஏறினாள். பிள்ளை கட்டை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தான். ஜெபாவுக்கு எங்கிருந்துதான் அத்தனை வேகம் வந்ததோ, பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் உள்ளங்காலைச் சுண்ட ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, தூங்குத பிள்ளைய எதுக்குச் சுண்டுதே?" என்றது பின்சீட்டு.

"டாக்டரு சொல்லித்தான் சுண்டுதாக" என்றாள் மாரிச்செல்வி.

"எந்த டாக்டரு சொன்னாரு? பச்சப்பிள்ளைய."

பஸ் முழுக்க ஜெபாவைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு டிப்பர் வர, டிரைவர் ஏர்ஹாரனை ஓங்கி அடித்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் காதைப் பொத்தினார்கள். பிள்ளை அசையவில்லை. பஸ் ஆட்டத்தில் எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் தூங்கும் என்று ஜெபா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி சுண்டினாள், வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான்.

"என் தங்கச்சி கல்பனாவும் பிள்ளை பெத்து எங்க அம்மா வீட்டுலதான் கெடக்கா" என்றாள் மாரிச்செல்வி. "அவ பிள்ளை போட்ட எடத்துல தூங்கும்க்கா. இவன்தான் உசிர வாங்குதான். எங்க மாமனாரு என்னடான்னா, பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்லன்னு எழுதி வாங்கிட்டு வா, பொறவு கூமாப்பட்டி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேங்காரு. இன்னும் வந்து பிள்ளை மொகத்தைக்கூடப் பாக்கல."

அன்றைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் கண்ணைத் திறந்தவன் சாயங்காலம் வரை மூடவில்லை.

வெள்ளிக்கிழமை மாரிச்செல்வி வந்தபோது ஜெபாவுக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. படுக்கையில் போட்டாலும் தூங்கியது. உச்சியில் சொட்டு எண்ணெய் கிடையாது. சீயக்காய் போட்டு அலசியிருந்தது. வழக்கம்போலப் பச்சைத் தொப்பியை மாட்டினாள். அது பிள்ளையின் புருவத்துக்குக் கீழே இறங்கி மூக்கில் வந்து நின்றது.

சனியனே, இத்தனை நாளும் அளவையா தப்பாக எடுத்தோம் என்று தன்னைத்தானே வைதுகொண்டு, அதற்கு அடுத்த சின்ன அளவான சிவப்புத் தொப்பியை எடுத்து மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. யோசிக்க நேரமில்லை. முகத்தைப் பார்க்கிற பழக்கமும் அவளுக்குக் கிடையாது. எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவளுக்குத் தலைதான் தெரியும்.

காலை வருடினாள், அலை வந்தது. காதுக்குள் டிக் டிக்கை விட்டாள். திரையில் முதலில் புழுதி மாதிரிக் கிடந்த கோடு மெல்ல மெல்லத் தெளிந்து, நடுவில் அழகாக ஒரு மேடு எழும்பியது. இத்தனை மாதத்தில் அவள் இவ்வளவு சுத்தமான அலையைப் பார்த்ததில்லை. ஜெபாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இங்க பாரு மாரி. இந்த மேடு தெரியுதா? காதுல விழுந்தது மூளைக்குப் போயிருச்சுன்னு அர்த்தம். இவனுக்கு நல்லாக் கேக்கு."

மாரிச்செல்வி திரையருகே குனிந்து அந்த மேட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது இருந்தா நல்லதாக்கா?"

"இது இருந்தாத்தான் நல்லது."

"அப்ப அவன் பேரு போட்டு எழுதித் தந்துருங்கக்கா."

சிரிப்பு இல்லை, அழுகை இல்லை. கரண்டு பில் கட்ட வந்தவள் மாதிரி நின்றாள். அதற்குள் பிள்ளை விழித்துப் பசிக்கு அழ ஆரம்பித்தது. "பால் குடு" என்றாள் ஜெபா. "வெளிய போய்க் குடுக்கேன்" என்றாள் மாரிச்செல்வி. வந்தபோதெல்லாம் அந்த அறையிலேயே உட்கார்ந்து கொடுத்தவள். ஜெபா தன் கையிலிருந்த சிவப்புத் தொப்பியைப் பார்த்தாள். மேசையில் பச்சைத் தொப்பி கிடந்தது.

"ஏட்டி, நில்லு. பிள்ளைக்குத் தலை வளருமா, சுருங்குமா?"

மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெபா விறுவிறுவென்று வெளியே வந்தாள். ஆம்புலன்ஸ் நிற்கும் கொட்டகையில், மாரிச்செல்வியின் ஜாடையில் ஒரு பெண் இன்னொரு பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே அழுகிற தன் பிள்ளையின் குரல் கேட்டுப் பால் சுரந்து அவள் ரவிக்கை நனைந்திருந்தது. கையில் இருந்தவன் ஜெபாவைக் கண்டதும் இரண்டு கண்ணையும் அகல விரித்து, வழக்கம்போல 'வந்துட்டியா' என்று பார்த்தான்.

"அக்கா அழுதா. அதான் குடுத்தேன்" என்றாள் கல்பனா.

ஜெபாவுக்கு நாடி நரம்பெல்லாம் கொதித்தது. அவளையும் பிள்ளையையும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு மாரிச்செல்வி பக்கம் திரும்பினாள்.

"அந்தத் தாளைக் காட்டி உன் மாமனார் வாய அடைச்சிருவ. நாளைக்கு இவன் அம்மான்னு கூப்பிடலைன்னா அப்பவும் தாளையா காட்டுவ? நான் என்ன கிறுக்கச்சியா, உன் பிள்ளை பின்னால பஸ்ஸு பஸ்ஸாத் திரிய?"

"எங்களுக்கு வேற வழி தெரியலக்கா" என்று மாரிச்செல்வி உடைந்து அழுதாள். "எல்லாரும் அவனை ஒரு மாதிரியாப் பாக்காக. ஒரு தடவயாச்சும் நல்லதுன்னு ஒரு வார்த்தை வரட்டும்னு நெனச்சிட்டேன்."

ஜெபா அதற்கு மேல் திட்டவில்லை. மெஷின் பக்கம் திரும்பி, அந்த அழகான அலையை அழித்தாள். இதை ஆவுடையப்பன் பார்த்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்.

"பால் குடு. அவன் தூங்குத வரைக்கும் நான் எங்கயும் போகப் போறதில்ல" என்றாள்.

கல்பனா தன் பிள்ளையோடு மூலையில் உட்கார்ந்தாள். மாரிச்செல்வி தன் பிள்ளைக்குக் கொடுத்தாள். அழுத களைப்போ என்னவோ, அவள் கண்ணும் செருகியது. அவள் தளரத் தளரப் பிள்ளையும் தளர்ந்தான். எத்தனையோ நாளாக மசியாதவன், மூடிய ஜன்னலின் புழுக்கத்தில் சத்தம் போடாமல் தூங்கிப் போனான். ஜெபா மூச்சைப் பிடித்துக்கொண்டு பச்சைத் தொப்பியை மாட்டினாள். பொருந்தியது.

உள்ளங்காலை வருடினாள். அலை நன்றாக வந்தது. அப்பாடா என்று காதுக்குள் டிக் டிக்கை விட்டாள். கோடு தெளிந்தது. தெளிந்து, அறுப்பு முடிந்த வயல் மாதிரி வெறுமனே கிடந்தது. காதுக்குழாயைச் சரிபார்த்தாள். மறுபடி விட்டாள். சத்தத்தைக் கூட்டினாள். அந்தக் காதை விட்டு இந்தக் காதுக்கு மாற்றினாள். இன்னும் கூட்டினாள். முழிச்சு அழுது தொலையேன்டா என்று மனசுக்குள் கெஞ்சினாள். இதுவரை எந்தப் பிள்ளையிடமும் அவள் அப்படிக் கேட்டதில்லை.

"அந்த மேடு எங்கக்கா?" என்று பின்னாலிருந்து மாரிச்செல்வி கேட்டாள்.

வழக்கமாக ஜெபா 'டாக்டர் பாத்துச் சொல்லுவாரு' என்று தப்பித்துக்கொள்வாள். இவளிடம் அது செல்லாது. நல்ல அலை எப்படி இருக்கும் என்று சற்று முன்புதான் அவளே காட்டியிருக்கிறாள்.

"தங்கச்சி பிள்ளைக்கு வந்துச்சே. இவனுக்கு வரலையே."

எங்கிருந்து வந்த ஆத்திரமோ, யார் மேல் ஆத்திரமோ, ஜெபா பஞ்சு வைத்திருந்த எவர்சில்வர் தட்டை எடுத்து மேசையில் ஓங்கி அடித்தாள். மூலையில் கல்பனாவின் பிள்ளை தூக்கிவாரிப்போட்டு வீறிட்டு அழுதது. கல்பனா பதறி அதன் காதைப் பொத்தினாள்.

மாரிச்செல்வி தங்கச்சி பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தன் பிள்ளையைப் பார்த்தாள்.

"மதுரையில இன்னொருக்கப் பாப்பாக" என்றாள் ஜெபா. "இப்பவே போனா வழி இருக்கு மாரி. சத்தியமாச் சொல்லுதேன்."

"காலைத் தொட்டா அவனுக்குத் தெரியுதுல்லக்கா?"

"நல்லாத் தெரியுது."

மாரிச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் பாதத்தை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தாள்.

"உள்ளதையே எழுதுங்கக்கா. இவன் பேரப் போட்டு எழுதுங்க. மாமனார்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

ஜெபா பேனாவைத் தேடினாள். கல்பனாவின் பிள்ளை இன்னும் அழுகையை நிறுத்தவில்லை. பச்சைத் தொப்பி போட்டவன், அவள் இத்தனை நாளும் தூங்கு தூங்கு என்று கெஞ்சியவன், நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.