பெட்டி அதிர வேண்டும்

தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குச் சசிக்குமார் இந்த வருடம் மூன்று தடவை ட்ரான்ஸ்போமர் சுற்றிக் கொடுத்துவிட்டான். மூன்றாம் தடவை மாத்தளையில் தன் ரேடியோ திருத்தும் கடையில் கம்பியைச் சுற்றி முடித்தபோது வலது தோள் மரத்துப்போயிருந்தது. இன்னொரு தடவை எரிந்தால் தன்னால் ஆகாது என்று அவனுக்கே தெரியும்.

எரிந்த காரணம் பரம ரகசியமல்ல. இப்போதெல்லாம் கோயிலில் போனிலிருந்துதான் பாட்டுப் போடுகிறார்கள். அதில் வரும் 'தும் தும்' அடிச்சத்தத்தை மரத்தில் கட்டிய ஹோன் ஸ்பீக்கரால் எப்படியும் வெளியே தர முடியாது. அது பெட்டிக்குள்ளேயே கிடந்து ட்ரான்ஸ்போமரை வதைக்கும். அதனால் இம்முறை பாட்டு உள்ளே வரும் இடத்திலேயே சின்னக் கெபாசிட்டர் ஒன்றை வைத்து, அடிச்சத்தத்தை மட்டும் மறித்திருந்தான்.

தேர் அன்று காலையில் கோயில் தலைவர் முத்துவீரன் போன் எடுத்தார்.

"தம்பி, பெட்டி செத்துக் கெடக்கு. வந்துட்டுப் போங்க."

பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால் பெட்டி ஜம்மென்று பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவு. முத்துவீரன் மட்டும் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி நின்றார். அவர் பெட்டியைச் சோதிப்பது எப்போதும் கையால்தான்.

"அதிரவே இல்லயே தம்பி. முந்தி கை வச்சா நெஞ்சு வரைக்கும் ஏறும்."

"அந்த அதிர்வுதாங்க தலைவரே அத எரிச்சது."

"புதுசா ஒன்னு வச்சேன்னு சொன்னீங்களே, அத கழட்டிருங்க. இல்லாட்டி இருளாண்டி கழட்டிருவான்."

தோட்டத்து வயர்மேன் இருளாண்டி திருப்புளியோடு தயாராக நின்றான்.

சசிக்குமார் விளக்க வாயெடுத்தான். போன தடவையும், அதற்கு முந்திய தடவையும் விளக்கியது ஞாபகம் வந்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பாத்துத் தாறேன்."

மூடியைத் திறந்தான். கெபாசிட்டரைத் தொடவில்லை. கரண்ட் வாங்கி எப்போதும் உள்ளுக்குள் மெல்ல அதிரும் இன்னொரு ட்ரான்ஸ்போமரைத் தகட்டோடு பிடித்திருந்த ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு மூடினான். பெட்டி கிர்ரென்று நடுங்க ஆரம்பித்தது. பாட்டுக்கும் அந்த நடுக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

முத்துவீரன் கை வைத்தார். முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் உசிரு வந்திருக்கு. வேலக்காரன்னா நீங்கதான் தம்பி."

இத்தனை வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. வேண்டுமென்றே கெடுத்து வைத்த வேலைக்குக் கிடைத்ததில் சசிக்குமாருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ட்ரான்ஸ்போமர் பிழைத்தது, தோளும் பிழைத்தது. தேர் பார்க்க நிற்காமல் பஸ்ஸுக்கு நடந்தான்.