தம்பிக்குக் காயவைத்த இறைச்சி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுதும் எண்ணத்தோடு நான் மொட்டை மாடிக்கு ஏறவில்லை. காகம் விரட்ட ஏறினேன். கல்முனையில் எங்கள் வீட்டு மாடியில், கருவாடு காயவைக்கும் வலையின்மேல், என் மனைவி பஸ்மிலா மெல்லிசாக வெட்டிய மாட்டிறைச்சியைப் பரப்பியிருந்தாள். என் கையில் ஒரு தடி, மடியில் கொஞ்சம் வெள்ளைக் கடதாசி. எழுத்தாளனை வெயிலில் சும்மா உட்காரவைத்தால் வேறென்ன செய்வான்?

முதல் தொடக்கம்: 'கடல் அன்று தன்

காகம்.

இரண்டாவது தொடக்கம்: 'சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்னபோது மிஹ்லார் சிரித்தான். ஏனென்றால்

இரண்டு காகம். ஒரு துண்டு போய்விட்டது. அந்த 'ஏனென்றால்' அப்படியே கிடக்கட்டும். அவன் ஏன் சிரித்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

2.

மிஹ்லார் பஸ்மிலாவின் தம்பி. பலநாள் மீன்பிடிப் படகில் போகிறவன். போனால் கரையைக் காண வாரக்கணக்காகும். கடலில் அவனுக்குப் பசியெடுத்தால் கிரீம் விசுக்கோத்து, பசியெடுக்காவிட்டாலும் கிரீம் விசுக்கோத்து. இவர்களுடைய வாப்பாவுக்கும் இதே சீனி வருத்தம்தான், நீரிழிவு. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு காலை வெட்டி எடுத்தார்கள்.

"வாப்பாட காலப் பாத்தும் இவனுக்குப் புத்தி வரல்ல" என்றாள் பஸ்மிலா. "விசுக்கோத்தத் தின்டு தின்டு இவன்ட காலும் போனா நான் ஆருக்கிட்டப் போய் அழுற?"

அழுவதற்குப் பதிலாக அவள் போனில் ஒரு வீடியோ பார்த்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரன், தன் சமையலறையில் மாட்டிறைச்சியைக் காயவைத்து, சத்தான நொறுக்குத்தீனி என்று கடித்துக் காட்டினான். விசுக்கோத்துக்குப் பதிலாகத் தம்பிக்கு இதுதான் என்று முடிவெடுத்தாள்.

(எங்கள் ஊரில் இறைச்சி காயவைப்பது புதிதல்ல. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் இறைச்சி மிஞ்சினால் செய்வோம். ஆனால் அது கறிக்கு. விசுக்கோத்து மாதிரிக் கையில் எடுத்துக் கடிப்பதுதான் புதிது.)

முதல் எழுத்துப்படியில் நான் மிஹ்லாரை முரடனாக்கியிருந்தேன். பஸ்மிலா வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்ட தம்பி முரடன் இல்ல. அவனுக்குப் பயம். அதான் சிரிக்கான்."

இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். ஒரு பாத்திரத்தை இவ்வளவு லேசாக யாரும் என் கையிலிருந்து பறித்துக்கொண்டு போனதில்லை.

3.

அந்த முதல் இறைச்சி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். காகம் தின்றது போக மீதியை மிஹ்லார் வந்து கடித்தான். மென்றான். கண்ணை மூடினான். செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"ராத்தா, இது சீனிக்கு மருந்தா, பிரஷருக்கு விதையா? கடல் தண்ணியக் குடிச்ச மாதிரி இருக்கு" என்றான் அக்காவிடம்.

பஸ்மிலா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "கருவாட்டுக்கு உப்புப் போட்டுப் பழகின கைதானே. அது பாட்டுக்கு அள்ளிப் போட்டுட்டு."

கடற்கரை ஊரில் இதுதான் வில்லங்கம். காயவைப்பது எதுவானாலும் கை கருவாட்டையே நினைத்துக்கொள்கிறது. மூவரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்து முடித்ததும், கேட்டீர்களா, பஸ்மிலா அடுத்த நாளே மறுபடி இறைச்சிக்கடைக்குப் போய்விட்டாள்.

இந்த முறை உப்புக் குறைவு. உப்புக் குறைந்தால் வெயிலை மட்டும் நம்ப முடியாது, பழுதாகிவிடும். ஆகவே கேக் சுடும் மின்சார அடுப்பு. மிளகும் கொச்சிக்காய்த் தூளும் உள்ளிப்பூண்டும் மீன்கறிக்குப் போடும் கொறுக்காய்ப்புளியும் பிரட்டி, குளிர்ப்பெட்டியில் ஊறவைத்து, முதலில் நன்றாகச் சூடேற்றி, பிறகு வெக்கையைக் குறைத்து, கதவு முழுக்க மூடாமல் ஒரு அகப்பையைச் செருகி*

* பஸ்மிலா என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். "கொழுப்ப முழுக்க வெட்டச் சொல்லி எழுதினீங்களா?" இல்லை. "எழுதுங்க. இல்லாட்டிக் கெதியாப் பழுதாப் போகும். வாசிக்கிற சனம் எனக்குத்தான் ஏசும்." எழுதிவிட்டேன். காய்ந்த துண்டை வளைத்தால் வெடிப்பு விழ வேண்டும், முறியக் கூடாது. அதையும் எழுதச் சொன்னாள்.

மிஹ்லார் ஒரு துண்டைக் கடித்து, இறைச்சிப் பையை வாங்கிக்கொண்டு படகுக்குப் போனான். அவன் மற்றக் கையில் இருந்த பையில் விசுக்கோத்து இருந்ததை நான் கண்டேன். அவளும் கண்டாள்.

4.

படகு கடலில். ஆகவே முடிவை நான்தான் செய்ய வேண்டும்.

முடிவு ஒன்று: மிஹ்லார் கரைக்கு வருகிறான். இரத்தம் சோதிக்கிறார்கள். சீனி இறங்கியிருக்கிறது. டொக்டர் எழுந்து நின்று கைகொடுக்கிறார்.

"எந்த டொக்டர் எழும்பிக் கை குடுத்திருக்காரு?" என்றாள் பஸ்மிலா. "முதல்ல இவன் நம்பர் எடுத்து வரிசையில நிக்கட்டும்."

முடிவு இரண்டு: இறைச்சிப் பை திறக்காமலே திரும்பி வருகிறது.

இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கழுவி வைத்த கோப்பையை எடுத்து மறுபடியும் கழுவினாள். இலக்கியத் தரமான முடிவு என்று நினைத்து எழுதியவன் நான். வெட்கமாகப் போய்விட்டது. வெட்டிவிட்டேன். நீங்கள் வாசித்ததையும் மறந்துவிடுங்கள்.

5.

மூன்றாவது முடிவை யோசித்துக்கொண்டிருந்தபோது, படகு முதலாளி ஜவுபர் காக்கா (எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்) பஸ்மிலாவுக்குப் போன் செய்தார். கடலிலிருந்து வயர்லஸில் செய்தி வந்ததாம்.

"தங்கச்சி, உங்கட தம்பி கதைச்சான். இறைச்சி முடிஞ்சுதாம். உறைப்புக் குறைவாம், அடுத்த முறை கொச்சிக்காய் கொஞ்சம் கூட்டிப் போடட்டாம்."

பஸ்மிலா போனை வைத்தாள். "தின்டிருக்கான்!" என்று கத்தினாள். சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். இவளை இவ்வளவு அழகாக நான் எந்தக் கதையிலும் எழுதியதில்லை.

ஆனால் எழுத்தாளன் சந்தேகப் பிராணி. படகில் இருந்த மற்றவர்கள் தின்று முடித்திருக்கலாம். ராத்தாவின் மனம் நோகக் கூடாது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். விசுக்கோத்தும் முடிந்ததா என்று ஜவுபர் காக்கா சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

படகு இன்னும் வரவில்லை. சமையலறையில் கொச்சிக்காய் இடிக்கும் சத்தம் கேட்கிறது. இந்தக் கதையின் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படியும் எழுதலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எழுதியதை அவளுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும்.