கழிப்பறைப் படி

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த, காலில் மாட்டி நடக்க வைக்கும் இயந்திரத்தைப் பார்வையிட விருந்தினர் ஒருவர் வருவதால், காலையிலிருந்தே கொத்தனாரை அதில் பூட்டி நிற்க வைத்திருந்தார்கள். இடுப்பு, தொடை, கணுக்கால் எங்கும் பட்டைகள்; கைகளில் பட்டன் வைத்த ஊன்றுகோல்கள். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி இல்லை. பட்டை சதையை அறுக்கிறதா என்று மனைவிதான் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை இன்னைக்குத்தான் உறையை விட்டு வெளிய வந்திருக்கார். விருந்தாளி போனதும் உள்ள போயிடுவார்," என்றார் பக்கத்துக் கட்டில்காரர். வார்டில் இயந்திரத்துக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர்.

"சும்மா இருங்கண்ணே. அந்த விருந்தாளிகிட்டதான் கேக்கப்போறோம்," என்றாள் மனைவி.

கேட்க வேண்டியது ஒன்றுதான். கழிப்பறை வாசலில் ஒரு சாண் உயரப் படி. சக்கர நாற்காலி ஏறாது. ஒவ்வொரு முறையும் அவள்தான் அவரை முதுகில் சுமக்க வேண்டும். இந்த வாரமும் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக அவள் வேலை பார்க்கும் சலவைக்கடையின் முதலாளி சொல்லிவிட்டார்.

விருந்தினர் வந்தார். கேமராக்கள் வந்தன. "பட்டனை அழுத்துங்கண்ணே," என்று கிசுகிசுத்தாள் பயிற்சி தரும் பெண். மோட்டார் முனகியது. கொத்தனாரின் கால் தானாக முன்னே போனது. கைதட்டல்.

"எப்படி இருக்கு?" என்றார் விருந்தினர்.

மறுபிறவி எடுத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். கொத்தனார் அதைச் சொல்லவில்லை.

"கக்கூஸ் வாசல்ல ஒரு படி இருக்குங்க சார். அதை இடிச்சுச் சரிவாப் பூசிக் கொடுத்தாப் போதும்."

"அது கட்டடப் பிரிவு வேலை சார். எழுதிப் போட்டிருக்கோம்," என்று மழுப்பினார் கண்காணிப்பாளர்.

"நான் வந்த நாள்லேருந்து எழுதிக்கிட்டேதானே இருக்கீங்க!"

கொத்தனார் ஊன்றுகோலிலிருந்த பட்டனை மறுபடி அழுத்தினார். கூடத்தின் கோடியில், நேரெதிரே கழிப்பறை.

"அண்ணே, எங்க போறீங்க?" என்றாள் பயிற்சி தரும் பெண்.

"எங்க போவாங்க? மனுசன் போற இடத்துக்குத்தான்."

கூட்டம் கைதட்டிக்கொண்டே பின்னால் வந்தது. பாதத்தகடு படியில் முட்டியது. இயந்திரம் நின்று, கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது.

"யோவ், மெஷின் போயிடும்! கழட்டுங்க!" என்று அலறினார் கண்காணிப்பாளர். விருந்தினர் அதற்குள் வார்டு வாசலைத் தாண்டி வெளியே போயிருந்தார்.

பட்டைகளைக் கழற்றி, கொத்தனாரை நாற்காலியில் இறக்கினார்கள்.

"வந்ததுதான் வந்துட்டோம், போயிட்டே போயிடலாம்," என்று மனைவி அவருக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். அவர் கைகளைத் தன் கழுத்தில் கோத்துக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்து எழுந்தாள். பட்டை அறுத்திருந்த தொடையிலிருந்து ரத்தம் கசிந்து அவள் துணியில் இறங்கியது. அவள் படி ஏறினாள்.

பின்னால் இரண்டு ஊழியர்கள் மண்டியிட்டு, பாதத்தகட்டை மெல்லிய துணியால் துடைத்து, எங்காவது கீறல் விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.