பெரியப்பா காத்திருக்கட்டும்

வீரமணி பெரியப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணிக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தபோது இசைவாணி வாசற்படியில் வந்து நின்றாள். புது ஷூ போட்டிருந்தாள். மஞ்சள் டி-ஷர்ட்டில் எண் குத்தியிருந்தது.

"அப்பா, நா ஓடலாமா, கூடாதா?"

முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"கூடாது பாப்பா. தாத்தாவ எடுக்கற வரிக்கும் வூட்ட வுட்டுப் போவக் கூடாது."

அவள் அழவில்லை. சுவரோரம் குந்தினாள். ஷூவைக் கழற்றவும் இல்லை.

பெரியப்பா சின்னதுரை விடிகாலையில் தூக்கத்திலேயே போயிருந்தார். வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஜீப் ஓட்டியே வயதானவர். பிள்ளை இல்லை, தம்பி மகன் வீரமணிதான் கொள்ளி வைக்க வேண்டும். வீரமணியின் மனைவி பிரசவத்தில் போனதிலிருந்து இசைவாணி வளர்ந்தது பெரியப்பா வீட்டில். அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு மலையிறக்கிக் கொண்டுபோனது அவருடைய ஜீப். போன மாதம் டாக்டர், "இனிமே ஓடட்டும், ஆடட்டும்" என்றார். இவளைப் போன்ற பிள்ளைகளின் வைத்தியத்துக்குப் பணம் சேர்க்க வெள்ளிமலையில் ஓட்டம் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் அவள் பெயரைக் கொடுத்தவரும் அவர்தான். ஜீப்பில் ஏறிய ஒருவரையும் அவர் விடவில்லை. "ஞாயித்துக்கிழம எம்பேத்தி ஓடறா, வந்துடு" என்றார். டிக்கெட் வாங்குகிற மாதிரி சத்தியம் வாங்கினார்.

தண்ணீர் கேன்களை ஏற்ற அதே ஜீப்பைக் கேட்டு நிஷாத் வந்தான். ஓட்டத்தை நடத்துகிறவன்; கள்ளக்குறிச்சியில் செருப்புக்கடை வைத்திருக்கும் குடும்பம். தம்பியை இதே நோய்க்குக் கொடுத்தவன். பந்தலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினான்.

"நிறுத்திடறோம்ண்ணா."

தலைமாட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெரியம்மா கொளஞ்சியம்மாள் பாட்டை நிறுத்தி, மூக்கைச் சிந்தினாள்.

"யார்ரா அவன் நிறுத்தறவன்? ஊரெல்லாம் சொல்லிவெச்சிட்டுப் போயிருக்காரு. ஓடுங்க."

"அப்ப தெருவுக்குள்ள வரமாட்டோம்மா. மெயின் ரோட்டோட சத்தமில்லாம போயிடறோம்."

பங்காளிகளில் மூத்தவரான பழனி அதற்குத்தான் தலையாட்டினார். இசைவாணி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டாள்.

மேளக்காரர்கள் மலைக்குக் கீழிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். மாலையோடு வருகிறவர்களைத் தெருமுனையில் எதிர்கொண்டு, அடித்துக்கொண்டே பிணத்தண்டை கூட்டிவர வேண்டியது அவர்கள் வேலை. கூடவே ஈரவேட்டியோடு வீரமணியும் போக வேண்டும். நாலைந்து தடவை போய் வந்தான். கும்பிட்டான். யார் வந்தார்கள் என்று அவன் மனதில் பதியவில்லை.

அடுத்த தடவை, மெயின் ரோட்டு வளைவில் மஞ்சளாக ஒரு கூட்டம் தெரிந்தது.

"யப்பா, பெரிய கூட்டம்பா!" என்றான் மேளக்காரர்களில் மூத்த அஜித். "டிரைவர் சங்கத்து ஆளுங்கபோல. யூனிபாரத்துல வராங்க. பாரேன், துக்கம் தாங்காம ஓடியாறாங்க! வுடாத அடி!"

வீரமணி வாயைத் திறந்தான். பறைச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. மேளக்காரர்கள் நடுரோட்டுக்குப் போய், ஆடி, குனிந்து, நிமிர்ந்து, கூட்டத்தைத் தெருவுக்குள் திருப்பினார்கள். உற்சாகப்படுத்த ஏற்பாடு செய்த மேளம் என்று நினைத்து ஓட்டக்காரர்கள் கையைத் தூக்கினார்கள். ஒரு பருமனான டீச்சர் இடுப்பை ஒடித்து ஆடியபடியே ஓடினார். இரண்டு பேர் விசிலடித்தார்கள். "அந்தப் பக்கம் இல்லீங்க! நேரா! நேரா!" என்று பின்னால் நிஷாத் கத்திக்கொண்டு வந்தான்.

பந்தலுக்குள் நுழைந்த பிறகுதான் முன்வரிசை, பிணத்தைக் கிடத்தியிருந்த பெஞ்சைப் பார்த்தது. நின்றது. பின்வரிசை வந்து இடித்தது. மேளம் ஓய்ந்தது. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் இருந்தது. டீச்சர் தூக்கின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே கும்பிட்டார்.

கொளஞ்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். தெரு முழுக்க மஞ்சள்.

"இத்தினி பேரா?" என்றாள். "இந்தாளுக்கா?" புருஷன் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? ஜீப்புல ஏத்தமாட்டன்னு தெரிஞ்சி ஓடியே வந்துட்டாங்க!"

முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம் டீச்சர். அப்புறம் தெருவே.

நிஷாத் முன்னால் வந்து கையைப் பிசைந்தான். "வழி தப்பிடுச்சிம்மா."

"தப்பினா இன்னா? வழி காட்ட ஆளு இல்லியா?" சுவரோரம் பார்த்தாள். "ஏய், ஷூவ மாட்டிக்கினு இன்னா குந்திக்கினு கீற? கூட்டிக்கினு போ இவங்கள."

பழனிக்கு முகம் சுருங்கியது. "இன்னா கொளஞ்சி, பொணத்த வூட்ல வெச்சிக்கினு... எடுக்கற நேரம் வேற ஆவுது."

"ஆவட்டும். அவ ஊசி போட்டுக்கினு வர்ற வரிக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல இந்தாளு எத்தினி நாளு காத்துக்கினு கெடந்தாரு? இன்னிக்கி ஒருநாளு காத்துக்கினு இருக்கட்டும். எங்க போயிடப் போறாரு?"

பழனி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

இசைவாணி அப்பாவைப் பார்த்தாள். வீரமணி தலையசைத்தான்.

"நீயும் ஓடுடா," என்றாள் பெரியம்மா. "புள்ளைய தனியா வுடுவியா?"

அஜித் மறுபடி அடித்தான். வீரமணி ஈரவேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினான். இசைவாணி முன்னால் போனாள். முளைத்து ஒரு வருடமே ஆன முடி காதுக்கு மேல் குதித்தது. ஏற்றத்தில் அவன் பின்தங்கினான்.

"இன்னாப்பா, நடக்கற?" என்றாள் திரும்பி.

அவன் வேட்டியை இன்னும் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை எட்டிப் போட்டான்.

முடிகிற இடத்தில் ரிப்பன் ஏற்கெனவே அறுந்து கிடந்தது. அவள் அதைத் தாண்டியதும் திரும்பி ரோட்டைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னாலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"அப்பா, நா கடசி இல்ல!"

நடந்து திரும்பியபோது, நிஷாத் கேட்காமலே மற்ற ஓட்டக்காரர்களும் கூட வந்தார்கள். பாடைக்குத் தோள் கொடுக்க முண்டியடித்தார்கள். உயரம் சரியில்லை என்று பழனி அவர்களை மாற்றி மாற்றி நிறுத்தித் திட்டினார். டீச்சர் அஜித்திடம், "அதே அடியை அடிங்க" என்றார்.

பெண்கள் நின்றுவிடும் தெருமுனை வந்தது. பாடைக்கு முன்னால் ஓடியே வந்த இசைவாணி பெரியம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். வீரமணி கொள்ளிச்சட்டியோடு அவளைக் கடந்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது. மேளம் ஒரு கணம் தாளம் மாற்ற நின்றது. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அவன் காதில் கேட்டது.