செங்கல் நிறத்தில் ஒரு சுவர்

தன் கண் போய்விட்டது என்று அக்கா திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு முடிவு செய்தாள். எதிரே நீச்சல் டீச்சர் வலது கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாப் பாருங்கக்கா."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஒண்ணும் தெரியலையா?"

அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் அக்காதான். அறுபது வயதுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். பச்சை குத்த ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம். முதலில் எல்லோரையும் போல பெயர், பூ, தேள், சிறகு. கடைசி எட்டு வருடமாகப் பெரும்பாலும் தழும்பு மறைக்கிற வேலை. தோல் நிறத்தில் மை கலக்க வேண்டும். வெளுத்துப்போன தழும்புக்குள் அதைப் புள்ளி புள்ளியாக ஏற்றி, சுற்றியிருக்கும் தோலோடு சேர்த்துவிட வேண்டும். படம் குத்தினால் நாலு பேர் பார்த்துப் பாராட்டுவார்கள். இது யார் கண்ணிலும் படாமல் போனால்தான் வெற்றி. கை பாதி வேலை செய்யும். மீதி கண்ணுடையது.

டீச்சரின் முன்கையில் வெந்நீர் கொட்டிய தழும்பு, ஒரு சாண் நீளம். ஆறு வாரத்துக்கு முன்பு அதை மூடினாள். புண் ஆறி, தோல் உரிந்து, மை அடங்கி நிஜ நிறம் தெரிய ஆறு வாரம் ஆகும். இப்போது ஆகிவிட்டது.

"முன்னாடி, என்ன மிஸ் காயம்னு கேப்பாங்க. சொல்லிடுவேன், முடிஞ்சிரும்" என்றாள் டீச்சர். "இப்ப குளத்துல இறங்கினாலே போதும், மிஸ் பேண்டேஜ் ஒட்டியிருக்காங்கன்னு ஒரே கத்தல். தண்ணியில விழாத பேண்டேஜ் எந்தக் கடையில கிடைக்கும்னு ஒருத்தன் சீரியஸா கேக்கறான்."

அக்கா சிரிக்கவில்லை. விளக்கை இழுத்துக் கிட்டே கொண்டுவந்தாள். தோலை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். சேர்ந்துதான் இருந்தது.

"எனக்குச் சரியாத்தான் தெரியுது."

"ஊருக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலேன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?"

வெள்ளிக்கிழமை வரச்சொல்லி அனுப்பினாள். டீச்சர் போன பிறகு பழைய நோட்டை எடுத்தாள். வெள்ளை ஆறு சொட்டு, மஞ்சள் மூன்று, பழுப்பு இரண்டு, சிவப்பு ஒன்று. பழைய கடையில் மூன்று கலவையை டீச்சர் கையில் புள்ளி வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து தேர்ந்தெடுத்த கணக்கு. அதன் கீழே அவள் கையெழுத்தில் இன்னொரு வரி: சிவப்பு கூட ஒன்று. ஆறு வாரத்துக்கு முன்பு இந்தப் புதுக் கடையில் குத்திய அன்று கலவை சோகை பிடித்தாற்போலத் தெரிந்தது. ஒரு சொட்டு சேர்த்துத் தோலில் தொட்டுப் பார்த்தாள். பொருந்திற்று. நோட்டா கண்ணா என்று வந்தால் அவள் கண் பக்கம் நிற்பவள்.

மறுநாள் கண் டாக்டரிடம் போனாள். அவர் வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அவள் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"என் கண்ணைவிட உங்க கண்ணு நல்லாருக்கு. போய் வேலையைப் பாருங்கம்மா."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். கண் கெட்டிருந்தால் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்திருப்பார். நல்ல கண் தப்பாகப் பார்த்தால் அதற்கு எந்தக் கடையில் கண்ணாடி வாங்குவது? இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள். தழும்பு வேலையை விட்டுவிடலாம் என்று வழியில் தோன்றியது. திரும்பவும் தேள் குத்தலாம். தேள் யார் தோலோடும் சேர வேண்டியதில்லை.

கடைக்குள் தம்பி நின்றுகொண்டிருந்தான். கையில் டேப்பும் கைபேசியும். எதைப் பார்த்தாலும் அளப்பான் என்பதால் வீட்டில் அவனுக்கு இஞ்சு என்று பெயர். சமையலறை அலமாரி வரைந்துகொண்டிருந்த கம்பெனி மூடியபின் எட்டு மாதம் வீட்டில் சும்மா கிடந்தான். பழைய கடையின் கூரை ஒழுகி அவள் இங்கே மாற வேண்டி வந்தபோது, நீயே செய்துவிடு என்று சாவியை அவன் கையில் கொடுத்தாள்.

குறை சொல்ல முடியாது. தரையில் இணைப்புக் கோடே இல்லை. மை சிந்தினால் ஒரே துடைப்பு. சுவரும் தரையும் சேரும் மூலையை வளைத்திருந்தான், அழுக்கு தங்காது. குழாயை முழங்கையால் திறக்கலாம். ஊசித் தட்டு வைக்கும் மேஜை, சக்கர ஸ்டூல், கை வைக்கும் தாங்கி எல்லாவற்றையும் அவள் உயரத்துக்கு அளந்து செய்தான். பல வருடத்து இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது. பிறகுதான் அழகு. கூரை கறுப்பு. படுக்கை கறுப்பு. கையுறையும் படுக்கைமேல் போடும் காகித விரிப்பும்கூடக் கறுப்பாகத் தேடி வாங்கினான். படுக்கையை ஒட்டிய நீளச் சுவர் செங்கல் சிவப்பு. எடுத்த படத்தை நானூறு பேர் பகிர்ந்தார்கள். யார் செய்தது என்று நாலு பேர் கேட்டார்கள். அதில் ஒருத்தி பல் டாக்டர். மூன்று அறை உள்ள புது கிளினிக். வியாழக்கிழமை நேரில் பார்க்க வருகிறாள்.

"கண் டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லாருக்காம்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி?"

"நல்லாருக்குன்னுதான்."

அவன் புரியாமல் பார்த்துவிட்டு, அவள் நாற்காலிமேல் வீசிய கைப்பையை எடுத்து ஆணியில் மாட்டினான். "வியாழக்கிழமை வரைக்கும் எதையும் இடம் மாத்தாதக்கா. ப்ளீஸ்."

புதன்கிழமை கறுப்பு விரிப்பு தீர்ந்துவிட்டது. பழைய கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்று பிரிக்காமலே கிடந்தது. அதற்குள் வெள்ளைக் காகிதச் சுருள் இருந்தது. அக்கா அதை எடுத்துப் படுக்கை நீளத்துக்கு இழுத்துக் கிழித்துப் போட்டாள். சுவர்ப் பக்கம் இருந்த பாதி இளஞ்சிவப்பாக இருந்தது.

ஈரம் பட்டுச் சாயம் ஏறிவிட்டது என்று நினைத்தாள். உருவியெடுத்து வாசல் படிக்கட்டுக்குக் கொண்டுபோனாள். வெள்ளை. உள்ளே கொண்டுவந்து போட்டாள். இளஞ்சிவப்பு. மறுபடி வெளியே போனாள். வெள்ளை. மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த அலுவலகத்துக்காரர் ஒருவர் நின்று பார்த்தார்.

"காய வைக்கறீங்களா?"

"இல்ல. பாக்கறேன்."

அவர் வேகமாக மேலே போய்விட்டார்.

நாலாவது தடவை உள்ளே வந்தபோது விரிப்பைப் போடவில்லை. காகிதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரின் முன் நின்றாள். விளக்கின் வெளிச்சம் சுவரில் பட்டு, சிவப்பை ஏற்றிக்கொண்டு, படுக்கைமேல் திரும்பி விழுந்துகொண்டிருந்தது. அதில் கிடக்கிற எந்தத் தோலுக்கும் அந்தச் சிவப்பு உண்டு; அதன் பக்கத்தில்தான் நோட்டுக் கலவை அன்று சோகையாகத் தெரிந்திருக்கிறது. சிவப்பான வெளிச்சத்தில் ஒரு சொட்டு சிவப்பு கூடுதலாக இருந்தால் தெரியாது. எல்லாமே கறுப்பாக இருந்ததால், சிவப்பு விழுந்து காட்டுவதற்கு அறையில் ஒரு வெள்ளைத் துண்டுகூட இல்லை.

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். கண் போகவில்லை. நிம்மதி வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அசதிதான் வந்தது. வேறொரு ஞாபகமும் வந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு, வண்ண அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இஞ்சு கேட்டான். இந்தச் சிவப்பா, இந்தச் சாம்பலாக்கா? அவள் அன்று ஆறு மணி நேரம் குனிந்து வேலை செய்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே, எதையாவது போடுடா என்றாள். நிறம் பார்த்துப் பிழைக்கிறவள், நிறம் பார்க்காமல் தலையாட்டியிருக்கிறாள்.

சாயங்காலம் தம்பி வந்ததும் காகிதத்தைப் படுக்கைமேல் போட்டுக் காட்டினாள்.

"அது நிழல்க்கா."

"நிழல் சிவப்பா இருக்குமாடா?"

"லைட்டை மாத்தறேன். சுவர் என்ன பண்ணுச்சு? நாலு கோட் அடிச்சிருக்கேன், ஒரு பிசிறு காட்டு பார்ப்போம்."

"பிசிறு இல்லடா. யாரு சொன்னா இருக்குன்னு?"

அவன் விளக்கை மாற்றினான். வேறு கோணத்தில் திருப்பினான். தன் சட்டையைக் கழற்றி விளக்கின்மேல் பிடித்துப் பார்த்தான். பனியனோடு நின்றுகொண்டு தன் கையைச் சுவர்ப் பக்கம் நீட்டினான், விலக்கினான், மறுபடி நீட்டினான். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டான். பொத்தான் மாறிப்போனது.

"நாளைக்கு அவங்க வர்றாங்கக்கா."

"வரட்டும். பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் வெள்ளை அடி. வெள்ளிக்கிழமை டீச்சர் வர்றா."

"வெள்ளையா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

"கம்பெனி மூடினப்புறம் நான் பண்ணின ஒரே வேலை இது."

"பொத்தானை மாத்திப் போட்டிருக்க" என்றாள்.

பல் டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தாள். சின்ன உருவம், பெரிய பை. அக்கா உள்ளறையில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

தரையை டாக்டர் செருப்பு நுனியால் தேய்த்துப் பார்த்தாள். குழாயை முழங்கையால் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். சுவரின் முன் வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுதான். படத்துல பார்த்ததைவிட நல்லாருக்கு. எனக்கு மூணு ரூம்லயும் இதே சிவப்பு வேணும்."

இஞ்சு டேப்பின் நாக்கை இழுப்பதும் விடுவதுமாக இருந்தான். டக், டக் என்று சத்தம் அக்காவுக்குக் கேட்டது. சரி என்று சொல்லிவிடு என்று அவள் மனதுக்குள் சொன்னாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம். கெட்டது அவளுடைய வேலைதானே, அவனுக்காவது ஒரு வேலை கிடைக்கட்டும்.

"டாக்டர், பல்லு கட்டும்போது நிறம் பார்ப்பீங்களா?"

"பின்ன? பக்கத்துப் பல்லோட சேரணுமே. சின்னச் சின்ன மாதிரிப் பல்லு ஒரு வரிசையா வச்சிருக்கோம். பக்கத்துல வச்சுத்தான் பாப்போம்."

டேப் நின்றது.

"அப்ப இந்த நிறம் வேணாம் டாக்டர்."

"ஏன்?"

"வெளிச்சத்துல சிவப்பு கலந்துரும். இங்க அக்காவுக்கு அதுதான் ஆச்சு. நாளைக்கு நானே வெள்ளை அடிக்கப் போறேன்."

டாக்டர் சுவரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "வேலை கேட்டு வர்றவங்க யாரும் இப்படிச் சொல்லி நான் பார்த்ததில்ல."

"நானும்தான் டாக்டர்."

"வெள்ளைன்னா எவன் வேணாலும் அடிப்பானே" என்றாள் டாக்டர், கெட்ட எண்ணம் இல்லாமல்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அக்கா கை ஈரத்தோடு வெளியே வந்தாள்.

"கேட்டியா?" என்றான்.

"கேட்டேன்."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே ஆரம்பிச்சா ரெண்டு கோட் முடிஞ்சிரும். சிவப்பு மேல வெள்ளை லேசுல நிக்காது, மூணுகூட ஆகலாம்."

"சாப்பிட்டியா?"

"அதெல்லாம் அப்புறம்."

அவள் படுக்கையைத் தள்ளிக் கொடுத்தாள். மேஜை, ஸ்டூல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் மூடினாள். ரோலர் முதல் தடவை ஏறி இறங்கியபோது சிவப்பு வெள்ளைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. இரண்டாவது கோட்டில் அவளும் ஒரு பிரஷ்ஷை எடுத்து மூலைகளைப் பார்த்துக்கொண்டாள். மூன்றாவது தேவைப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே டீச்சருக்குப் போன் செய்தாள்.

"வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். தப்பு எங்க நடந்ததுன்னு தெரிஞ்சுபோச்சு. சுவர்தான்."

"அக்கா, நான் பசங்களோட பொழங்கறவ. ஷவர்ல தண்ணி வரல, அதான் மிஸ் லேட்டுன்னு தினம் கேக்கறேன். நீங்களுமா?"

"வந்து பாருங்க."

டீச்சர் தலை ஈரம் காயாமல் வந்தாள். வெள்ளைச் சுவரைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "வாடை" என்றாள். முன்பு எவ்வளவு அழகாக இருந்தது என்றும் சொன்னாள். ஜன்னல் பக்கம் நின்றிருந்த இஞ்சு தலையைத் திருப்பிக்கொண்டான்.

டீச்சர் கையைத் தாங்கியில் வைத்தாள். அக்கா விளக்கை இழுத்தாள்.

ஒரு சாண் நீளத்துக்கு ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக ஒரு பட்டை. ஓரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடு கிழித்தாற்போலத் தெரிந்தது. எந்தக் கடையில் கிடைக்கும் என்று அந்தப் பையன் கேட்டதில் தப்பே இல்லை. தான் குத்திய ஒவ்வொரு புள்ளியையும் அவளால் பார்க்க முடிந்தது. இந்த அறைக்கு வந்த பிறகு இன்னும் ஏழு பேருக்குத் தழும்பு மூடியிருக்கிறாள். ஏழு பேரையும் கூப்பிட வேண்டும்.

"இப்பவாவது தெரியுதா?" என்றாள் டீச்சர்.

"தெரியுது."

"எப்படி இருக்கு?"

"அசிங்கமா இருக்கு."

டீச்சர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "அப்பாடா. இத்தனை நாள்ல பெரியவங்கள்ல ஒருத்தராவது மூஞ்சிக்கு நேரா சொன்னீங்களே. எங்க வீட்டுல கேட்டா, ஒண்ணுமே தெரியல, ஒண்ணுமே தெரியலன்னு. பொய்."

"பச்சை கலந்த பழுப்பை இதுமேல ஒரு தடவை போட்டா சிவப்பு அடங்கும். ஒரே நாள்ல முடியாது. இன்னைக்கு மூணு புள்ளிதான் வைப்பேன். ஆறு வாரம் கழிச்சு எது சேருதுன்னு பார்த்து மீதி. மூணு தடவை வர வேண்டியிருக்கும்."

"வர்றேன். அதுவரைக்கும் பேண்டேஜ்னே சொல்லிக்கறேன்."

அக்கா கையுறையை மாட்டினாள். சின்னக் குப்பிகளில் சொட்டு எண்ணி விட்டு, குச்சியால் கலக்கி, ஒவ்வொன்றையும் தோல்மேல் தொட்டு வைத்தாள். டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி வாசல் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனாள். வெயிலில் பார்த்தாள். உள்ளே கூட்டிவந்து பார்த்தாள். ஒன்றாகவே இருந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை கூட்டிப்போனாள்.

"நடந்தே ஆறிடும் போலிருக்கே" என்றாள் டீச்சர்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பை நிமிர்த்தினாள். புது ஊசியைப் பிரித்து மெஷினில் மாட்டினாள்.

"டேய் இஞ்சு, நோட்டை எடுத்துக்கிட்டு வா. நான் சொல்லச் சொல்ல எழுது."

அவன் நோட்டைத் திறந்து, பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு காத்திருந்தான். அவள் முதல் புள்ளியை வைத்தாள்.